நிராகரிக்கப்பட்ட நாற்பத்திரண்டு மணிகள்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் கடைசித் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது, அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, மாடியில் குடியிருப்பவர் இந்த மாதமாவது காலி செய்வாரா என்றெல்லாம் முறையாக விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வீடு நலம், குழாயில் தண்ணீர் வருகிறது, நான் சுமார். உங்கள் தங்கையும் நலமாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதக் காரணம், அவள் என்னோடு பேசி இன்றோடு ஆறு நாள் ஆகிறது.

சண்டை என்றால் எனக்குப் பழக்கம் உண்டு. முப்பத்தாறு வருடத்தில் அவள் சண்டை போடும் முறையும் நான் தோற்கும் முறையும் மனப்பாடம். இது சண்டை இல்லை மச்சான். காலையில் எழுகிறாள், குளிக்கிறாள், எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் ஏதாவது கேட்டால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறாள். இரண்டு தடவைக்கு மேல் கேட்டால் சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று தெரிந்தேதான் பார்த்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறாள், தோள் இரண்டும் குலுங்குகின்றன. நான் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன், ஆனால் அவளை இப்படிச் சத்தமில்லாமல் அழ வைத்ததில்லை. அந்தத் தொட்டியில் கிடக்கும் பாத்திரங்களை இப்போதெல்லாம் நான்தான் கழுவுகிறேன் என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என்னை எவ்வளவு திட்ட வேண்டும் என்று உங்களுக்கு ஓர் அளவு கிடைக்கும். பொத்தான் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் நான் தரப் பரிசோதகனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஓட்டையின் ஓரத்தில் மயிரிழை அளவு பிசிறு இருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். என் முத்திரை விழாத பொத்தான் வாசலைத் தாண்டாது. அப்பேர்ப்பட்ட ஆள் கடைக்குப் போனால் மட்டும் என்ன ஆகுமோ தெரியாது. கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் பாவம் மனுஷன் காலையிலிருந்து நிற்கிறாரே என்று இரக்கம் வந்துவிடும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். விரித்தால் மூடாத குடை வாங்கினேன். மூன்று காலில் மட்டும் நிற்கிற நாற்காலி வாங்கினேன். சூடே ஏறாத இஸ்திரிப் பெட்டி வாங்கினேன், அதற்குப் பதில் சூடு குறையாத இன்னொன்றை நானே மாற்றிக்கொண்டும் வந்தேன். எது வாங்கி வந்தாலும் உங்கள் தங்கை அதை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள், பிறகு நிதானமாக, "பில்லு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அடுத்த நாள் அது கடைக்குத் திரும்பிப் போய்விடும். முப்பத்தாறு வருடமாக நான் வீட்டுக்குள் கொண்டுவந்த பொருளெல்லாம் விருந்தாளி மாதிரி ஓர் இரவு தங்கிவிட்டுப் போனவைதான்.

ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. கல்யாணமான முதல் வருடம் நான் வாங்கிக் கொடுத்த செம்பவள மாலை. நாற்பத்திரண்டு மணி, நடுவில் பெரிது, ஓரத்துக்குப் போகப் போகச் சிறிது. உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், எந்தப் புகைப்படத்தை எடுத்தாலும் அவள் கழுத்தில் அதுதான் இருக்கும். அதை அவள் சுற்றிப் பார்க்கவில்லை. பில் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் கைப்பையில் போட்டுக்கொண்டு எங்கேயோ போனாள், போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன், சாயங்காலம் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து கழற்றியதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பெருமை. வாழ்க்கையில் ஒரு பொருளாவது சரியாக வாங்கியிருக்கிறோம் என்று. மச்சான், என் உத்தியோகம், ஓய்வூதியம், உங்கள் குடும்பத்தில் எனக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதை எல்லாவற்றையும் விட அந்த ஒரு பெருமைதான் எனக்குப் பெரிது. நான் கெட்டதும் அதனால்தான்.

ஓய்வு பெற்றதும் அந்த மாலைக்குப் பொருத்தமாக ஒரு ஜோடி பவளத் தோடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தத் தடவை இரக்கப்பட்டு வாங்கக் கூடாது, கற்றுக்கொண்டு வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு பவளக் கடை இருக்கிறது. கடைக்காரரை எல்லோரும் ஜன்னல்காரர் என்றுதான் சொல்வார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவர் எதையும் பார்க்க மாட்டார், யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் "ஜன்னலுக்கு வாங்க" என்பார். வெள்ளைக் காகிதத்தை விரித்து, மணியை அதன்மேல் உருட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். மஞ்சள் விளக்கின் கீழே எல்லாச் சிவப்பும் நல்ல சிவப்பாகத்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

முதல் நாளே நான் மானத்தை வாங்கிவிட்டேன். எங்கேயோ அரைப் பக்கம் படித்திருந்தேன், உண்மைப் பவளமானால் புளிப்பில் போட்டால் நுரைக்கும் என்று. ஜன்னல்காரர் எனக்காக அன்போடு வாங்கி வைத்த எலுமிச்சைச் சாற்றில், அவர் உள்ளே திரும்பிய நேரம் பார்த்து, தட்டிலிருந்த ஒரு மணியைப் போட்டுவிட்டேன். நுரைத்தது மச்சான். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பிவந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், கையைத் தட்டி அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, கண்ணாடிக் குவளைக்குள் எட்டிப் பார்த்து, கரண்டியால் மணியை எடுத்து, துடைத்து, ஜன்னலில் பிடித்தார். பளபளப்பு போய் சாக்குக் கட்டி மாதிரி ஆகியிருந்தது. "அசல்னு நிரூபிச்சிட்டீங்க," என்றார், "இனிமே யாருக்கும் விக்கத்தான் முடியாது." மீதிச் சாற்றை நானே குடித்துவிட்டேன், வேறு என்ன செய்வது.

வேறு யாராக இருந்தாலும் அன்றே என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். அவர் ஒரு லென்ஸைக் கையில் கொடுத்து, "கண்ணுக்கு வேலை குடுங்க, கைக்கு வேண்டாம்" என்று உட்கார வைத்தார். மூன்று மாதம் தினமும் போனேன். உங்கள் தங்கையிடம் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். நிறம்தான் முதல் பாடம். சிவப்பு ஆழமாக இருக்க வேண்டும், ஒரே சீராக இருக்க வேண்டும், ஆனால் அச்சில் வார்த்தது மாதிரி நாற்பதும் ஒரே சிவப்பாக இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். கடலுக்குள் வளர்ந்த பொருள், அதற்கென்று ஒரு மேடு பள்ளம் இருக்கும், எங்கேயாவது ஓர் ஓரத்தில் கொஞ்சம் வெளிறியிருக்கும். லென்ஸில் பார்த்தால் மரப்பலகையில் ரேகை ஓடுவது போல மெல்லிய கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அந்தக் கோடு இல்லாவிட்டால் கிளம்பிவிடலாம். அடுத்தது துளை. சாயம் போட்டதா என்று பார்க்க நூல் கோக்கும் துளையின் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும், சாயம் அங்கேதான் போய்த் தேங்கும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் பஞ்சு சிவந்துவிடும். புழு அரித்த மாதிரி சின்னக் குழிகள் இருந்தால் மதிப்புக் குறைவு, அந்தக் குழியை மெழுகு வைத்து அடைத்திருந்தால் இன்னும் குறைவு. அசல் கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும், அளவுக்கு மேல் கனமாக இருக்கும். பிளாஸ்டிக் என்றால் கைச்சூட்டுக்கு உடனே சூடாகிவிடும்.

இதெல்லாம் எனக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்கிறீர்கள். முப்பத்தோரு வருடம் ஓட்டையைப் பார்த்த கண் இல்லையா. இரண்டாவது மாதமே ஜன்னல்காரர் பின்னறையில் தடுப்புக்குப் பின்னால் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்துவிட்டார். வாடிக்கையாளர்கள் பரிசோதிக்கக் கொண்டுவரும் பொருளைத் தட்டில் வைத்துத் தடுப்புக்குக் கீழே தள்ளுவார், நான் பார்த்துச் சீட்டில் எழுதித் திருப்பித் தள்ளுவேன். கொண்டுவந்தவர் யார் என்று எனக்குத் தெரியக் கூடாது. முகம் தெரிந்தால் எனக்கு இரக்கம் வந்துவிடும் என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு சங்கடம், குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன் ஆக ஆகத் தோடு வாங்குவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவர் காட்டிய நூற்றுக்கணக்கான மணியில் ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் வெள்ளைப் புள்ளி, ஒன்றில் ஊசிமுனைக் குழி, ஒன்றில் துளை ஒரு நூலளவு ஓரம். "இப்படிப் பாத்தா நீங்க கல்யாணமே பண்ணியிருக்க முடியாது" என்றார் ஜன்னல்காரர். நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

சென்ற திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். தட்டு உள்ளே வந்தது. ஒரு காகிதப் பொட்டலம், அதற்குள் நூல் அறுந்த மணிகள். நாற்பத்திரண்டு. நீங்கள் கேட்பீர்கள், ஏன்டா, முப்பத்தாறு வருடம் எதிரே பார்த்த மாலையை அடையாளம் தெரியவில்லையா என்று. ஜன்னல்காரரும் அதைத்தான் கேட்டார், நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கழுத்தில் பார்த்திருக்கிறேன் மச்சான், லென்ஸுக்குக் கீழே பார்த்ததில்லை. மணி மணியாக அவிழ்ந்து கிடந்தபோது அது யாருடையதோதான். எடுத்தேன். கையிலேயே சூடாகிவிட்டது. லென்ஸ் வைத்தேன், ரேகை இல்லை. சுற்றிப் பார்த்தேன், இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் அச்சின் கோடு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தீர்ப்புக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் பரிசோதகன் புத்தி விடுமா. ஊசியைச் சுடவைத்து நடு மணியின் பக்கவாட்டில் ஒரு குத்துக் குத்தினேன். ஊசி வைப்பது கடைசி வழி, கேட்காமல் வைக்காதீர்கள் என்று ஜன்னல்காரர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். புகை வந்தது. மோந்து பார்த்தேன். அந்த வாசனையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், ஏனென்றால் முப்பத்தோரு வருடம் என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த வாசனை அது. எங்கள் தொழிற்சாலையில் பொத்தான் வார்க்கிற அதே பிசின்.

எனக்குக் குஷி தாங்கவில்லை. சீட்டை எடுத்து எழுதினேன்: "மணி 42. பவளம் அல்ல. கடலைக் கண்ணால் பார்த்திராத சரக்கு. பொத்தான் செய்ய வைத்திருந்த பிளாஸ்டிக். வாங்கியவர் கண்ணை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்க வேண்டும்." கீழே என் கையெழுத்து. அதோடு விட்டேனா. தொழிற்சாலையில் விடைபெறும்போது நினைவாகக் கேட்டு வாங்கி வந்த பழைய ரப்பர் முத்திரை எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அதை எடுத்து மையில் தொட்டு, 'நிராகரிக்கப்பட்டது' என்று சீட்டின் நடுவில் பலமாக ஒரு குத்து. தட்டை வெளியே தள்ளினேன்.

வெளியே சத்தமே இல்லை. பொதுவாக இந்த இடத்தில் யாராவது ஐயோ என்பார்கள், அல்லது ஜன்னல்காரரோடு சண்டைக்குப் போவார்கள். ஒன்றும் இல்லையே என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டினேன். உங்கள் தங்கை நின்றிருந்தாள். கையில் சீட்டு. அவள் அதைப் படித்து முடித்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். என் கண்ணில் லென்ஸ் இருந்தது, ஆகவே அவள் முகம் எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது, என்ன நினைத்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "நூலகமா?" என்று கேட்டாள். அதுதான் கடைசியாக அவள் என்னிடம் பேசிய வார்த்தை. பிறகு ஜன்னல்காரர் பக்கம் திரும்பி, "கோத்து மட்டும் குடுங்க" என்றாள். சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் போனதும் ஜன்னல்காரர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "நீங்க வாங்கினதா?" என்றார். "ஆமாம்." "அவங்களுக்குத் தெரியாதா?" "எனக்கே இப்பத்தான் தெரியும்." அவர் என் கையிலிருந்து ஊசியை வாங்கித் தூர வைத்தார். நல்ல மனிதர்.

இத்தனை நாளும் அவள் எவ்வளவு நம்பிக்கையோடு அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று சரி செய்துகொள்வாள். யாராவது கேட்டால், "அவர் வாங்கிக் குடுத்தது" என்பாள், அதில் ஒரு தனி அழுத்தம் இருக்கும். அதை நானே சுட்டு, நானே பழித்து, நானே முத்திரை குத்தி அவள் கையில் கொடுத்தேன். அசல் என்று நினைத்துக் கொடுத்தேன் மச்சான், மனதார நினைத்துத்தான் கொடுத்தேன். அதையாவது நீங்கள் நம்புவீர்களா.

சுட்ட மணியை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். அந்த இடத்தில் ஓர் அசல் பவள மணி, கடையிலேயே சிறந்தது. ஜன்னல்காரர், "பிளாஸ்டிக்குக்கு நடுவுல யாராச்சும் பவளத்தக் கோப்பாங்களா? எனக்குக் கைகூசுதுங்க" என்றார். நான் விடவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாள் ஜன்னலோரமே உட்கார்ந்து பொறுக்கினேன். அந்த அளவில், அந்தச் சிவப்பில், குழி இல்லாமல், வெள்ளை இல்லாமல், துளை நேர் நடுவில் உள்ளதாக ஒன்று. மூன்று மாதத்தில் நான் தேர்ந்தெடுத்த முதல் மணி. ஜன்னல்காரரே லென்ஸில் பார்த்துவிட்டு, "இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அந்த வார்த்தையை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று கடைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கோத்து முடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாற்பத்தொரு போலியும் பளபளவென்று ஒரே சிவப்பாகச் சிரிக்கின்றன, நடுவில் அசல் மட்டும் கொஞ்சம் அடக்கமாக, லேசாகக் கறுத்த சிவப்பில் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிற யாரும் அது ஒன்றுதான் போலி என்று சொல்வார்கள். உங்கள் தங்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். நடு மணியை விரலால் ஒரு தடவை உருட்டினாள். உதடு துடித்தது. சமையலறை, கதவு, தொட்டி, தோள்.

அதன்பிறகு என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். காலையில் தேநீர் நான்தான் போடுகிறேன். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். இரண்டு வருடமாக அவள் சொல்லிக்கொண்டிருந்த பரணில் ஏறி மூட்டைகளை இறக்கித் தூசி தட்டினேன், தும்மித் தும்மிக் கீழே விழப் பார்த்தேன், அப்போதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏணியை மட்டும் வந்து பிடித்துக்கொண்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பிடித்தாள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். நேற்றுச் சாயங்காலம் பார்த்தேன், அவள் கழுத்தில் மாலை இல்லை. அறுந்து கடையில் கிடந்த நாட்களைத் தவிர்த்தால், முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. கேட்கத் தைரியம் வரவில்லை. இனி அதை அவள் போட மாட்டாள் என்று நினைக்கும்போது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் வாங்கி வந்து இந்த வீட்டில் தங்கிய ஒரே பொருள் அது, அதையும் என் கையாலேயே அனுப்பிவிட்டேன்.

ஆகவே மச்சான், உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டும். நீங்கள் பொய் சொல்லாதவர் என்பது தெரியும், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், உங்கள் பொய்க்கு மதிப்பு அதிகம். உங்கள் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த மாலையை வாங்கிய நாளில் நீங்களே பெரிய நிபுணர் ஒருவரிடம் காட்டினீர்கள், முதல் தரப் பவளம் என்று அவர் சொன்னார், ஓய்வு பெற்றபிறகு உங்கள் மாப்பிள்ளைக்குக் கண்ணும் மூக்கும் சரியில்லை, அவர் எழுதுகிற சீட்டை நம்ப வேண்டாம், இப்படி எழுதுங்கள். என் மூக்கைப் பற்றி எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் முட்டாள் என்று அவள் நினைத்தால் அது பழைய விஷயம். அவள் கழுத்தில் கிடந்தது பொய் என்று அவள் நினைக்கக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விட வேண்டாம். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. வீட்டில் பெரியவர்கள், சிறியவர்கள், மாடியில் இருந்து போகாதவர் உட்பட அனைவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்த்துத் தினமும் வாசலில் நிற்கும்,

உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார், எப்போதும் அப்படித்தானே. முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதகர், ஒட்டிய உறை கடைத்தெரு முனைக்கு வருவதற்குள் தானாகவே வாயைத் திறந்துவிட்டது. முழுவதும் படித்துவிட்டேன்.

நான் அழவில்லை. அன்றைக்கு அந்த முத்திரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தடுப்புக்கு மேலே ஒரு கண்ணில் லென்ஸோடு அந்தத் தலை எழும்பியதும் என்னால் முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். வழியெல்லாம் சிரித்தேன், தெருவில் ஒரு பெண்மணி நின்று, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தால் அது வந்துவிடும் போல இருக்கிறது. நடு மணியைக் கண்ணாடியில் பார்த்தபோது கஷ்டப்பட்டு அடக்கினேன். இவ்வளவு துக்கத்தோடு பாத்திரம் கழுவுகிறவரிடம் எப்படிச் சிரிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அது பிளாஸ்டிக் என்பது எனக்கு முப்பத்தாறு வருடமாகத் தெரியும். திங்கட்கிழமை நூல் அறுந்ததைக் கோக்கத்தான் கொண்டுபோனேன், பரிசோதிக்க வந்ததாக நினைத்து அந்தக் கடைக்காரர்தான் உள்ளே தள்ளிவிட்டார். வாங்கிக் கொடுத்த வாரமே திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுபோனேன். அந்தக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடுத்துக்கொண்டே சொன்னார், "அந்தத் தம்பி நாலு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஓடி ஓடி வந்தாரும்மா. கடையில இருக்கற சிவப்பு மாலை எல்லாத்தையும் எறக்கச் சொல்லி, பையில இருந்து உங்க போட்டோவ எடுத்துப் பக்கத்துல வெச்சு வெச்சுப் பாத்தாரு. இது என்னத்துல செஞ்சதுன்னு ஒரு தடவகூடக் கேக்கல." அது கறுப்பு வெள்ளைப் போட்டோ அண்ணா. அதை வைத்துக்கொண்டு எனக்கு எந்தச் சிவப்பு பொருந்தும் என்று நாலு நாள் பார்த்திருக்கிறார். நான் மாலையைத் திருப்பி வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வாங்கிவந்த அந்த ஒரு மணி நல்ல மணிதான், எனக்கே தெரிகிறது. நேற்று எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுட்ட மணியைத் தேடி எடுத்து அதே இடத்தில் கோக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஜன்னல்காரர், "ஏம்மா, இவ்வளவு நல்ல மணிய யாராச்சும் வேண்டாம்பாங்களா?" என்று கேட்டார். "நல்ல மணிதாங்க. ஆனா இது பரிசோதகர் வாங்கினது, அது எங்க வீட்டுக்காரர் வாங்கினது" என்றேன். மாலை இன்று சாயங்காலம் தயாராகிவிடும்.

நீங்கள் எனக்குப் பொய்யும் எழுத வேண்டாம், அவருக்குப் பதிலும் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே பேசிக்கொள்கிறேன். பரணில் இன்னும் இரண்டு மூட்டை பாக்கி இருக்கிறது.